கண் இருண்டால் இருதயத்தைச் சோதிப்பது ஏன்?

காலையில் எழுந்து முகம் கழுவும்போது ஒரு கண்ணின் பார்வை அறவே போயிருக்கிறது. வலி இல்லை, சிவப்பு இல்லை, உறுத்தல் இல்லை, கண்ணாடியில் பார்த்தால் கண்ணும் எப்போதும் போலவே இருக்கிறது. இந்தக் கலவரத்தோடு கோயம்புத்தூரில் பீளமேட்டுப் பக்கம் அவிநாசி சாலையில் உள்ள அரவிந்த் கண் ஆஸ்பத்திரி போன்ற ஓர் இடத்துக்குப் போகிறவரிடம், சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரியவைத்து, விளக்கொளியில் விழியின் உட்புறத்தை நெடுநேரம் நோக்கிய வைத்தியர், அடுத்தபடியாக அவருடைய மணிக்கட்டைப் பற்றி நாடியைப் பார்க்கிறார், பிறகு ஈ.ஸி.ஜி.யும் எக்கோவும் எடுக்கவேண்டும் என்று சொல்லி, அதே சாலையில் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பூ.சா.கோ. மருத்துவமனை போன்ற பொது ஆஸ்பத்திரி ஒன்றுக்குச் சீட்டு எழுதித் தருகிறார். “ஏனுங்க டாக்டர், கண்ணைக் காட்டத்தானுங்க வந்தோம், நெஞ்சுக்கு எதுக்குங்க படம்?” என்று கூடவந்த மனைவி கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

அதைவிடக் கடினமான இரண்டாவது கேள்வி ஒன்று சில நாள் கழித்து எழுகிறது. ஈ.ஸி.ஜி. சரியாக இருக்கிறது, எக்கோவில் குறை இல்லை, கழுத்து ரத்தக் குழாய்களின் டாப்ளரிலும் பெரிய அடைப்பு இல்லை. “காரணம் தெரியவில்லை” என்று எழுதி, ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இவ்வளவோடு நிற்பதா, இருதயத்தை இன்னும் துருவிப் பார்க்கச் சொல்லிக் கேட்பதா? இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் இங்கே விடை தேடப் போகிறோம். ஆனால் முதற் கேள்வியின் வழியாகத்தான் அதற்குப் போய்ச் சேர முடியும்.

முன்னதாக ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். கண்ணில் ஸ்ட்ரோக் என்று ஜனங்கள் பொதுவாகச் சொல்வது ஒரே வியாதி அன்று. விழித்திரைக்கு ரத்தத்தைக் கொண்டுவரும் தமனி அடைபடுவது ஒன்று. அங்கிருந்து ரத்தத்தைத் திருப்பிக்கொண்டு போகும் சிரை அடைபடுவது மற்றொன்று. பார்வை நரம்பின் தலைப்பகுதியில் ரத்தவோட்டம் தளர்ந்துபோவது மூன்றாவது. பின்னிரண்டும் பெரும்பாலும் ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, கண்ணின் உள்ளழுத்தம், நரம்புத் தலையின் நெருக்கமான அமைப்பு முதலியவற்றைச் சார்ந்தவை. அவற்றுக்காக இருதயத்துக்குள் ரத்தக் கட்டியைத் தேடி அலைவதால் பயன் அதிகம் இராது. முதலாவதாகிய தமனி அடைப்பில்தான் வெளியிலிருந்து ஏதோ ஒரு துணுக்கு வந்து அடைத்திருக்கக்கூடும் என்ற சந்தேகம் முன்னே நிற்கிறது. ஆகையால் நோயாளி தம் வைத்தியரிடம் முதலில் கேட்டறிய வேண்டியது, தமக்கு அடைபட்டது தமனியா சிரையா என்பதுதான்.

இருதயத்தின் இடது கீழறையிலிருந்து புறப்படும் ரத்தம் மகா தமனியில் ஏறி, கழுத்தின் இருபுறமும் செல்லும் பெருங்குழாய்களில் பிரிந்து மூளையை நோக்கிப் போகிறது. மூளைக்கென்று உட்புறமாகச் செல்லும் கழுத்துத் தமனி, மண்டையோட்டுக்குள் நுழைந்து தன் கிளைகளை விடத் தொடங்கும் இடத்தில், முதற் பெருங்கிளையைக் கண்ணுக்குத்தான் கொடுக்கிறது. அந்தக் கண் தமனியிலிருந்து பிரிவதே விழித்திரையின் மையத் தமனி. கால் மில்லிமீட்டர் அகலங்கூட இல்லாத இச்சிறு குழாய், பார்வை நரம்பின் உறையைத் துளைத்து அதன் நடுவே புகுமிடத்தில் இன்னும் ஒடுங்கிவிடுகிறது. இருதயத்திலோ கழுத்துக் குழாயிலோ பெயர்ந்த ஒரு துணுக்கு மூளைக்குப் போகாமல் கண்ணுக்குத் திரும்பினால், அது சிக்கிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் இதுவே. கண்ணுக்கு வந்த துணுக்கும் மூளைக்குப் போகிற துணுக்கும் புறப்பட்ட இடம் ஒன்று, வந்த வழியும் முக்கால் பங்குக்கு மேல் ஒன்று என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், மனைவியின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது.

இதை எப்படி அறிந்தார்கள் என்ற வரலாறு ரஸமானது. உயிரோடு இருக்கும் மனிதனின் ரத்தக் குழாய்களை அறுக்காமல், துளைக்காமல், வெறும் ஒளியைக்கொண்டே நேராகப் பார்க்கக் கூடிய இடம் உடம்பில் கண்ணின் உட்புறம் ஒன்றுதான். அதைப் பார்ப்பதற்கான கருவியை ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் உலகுக்கு வெளியிட்டார். அதற்கு எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1859-இல், பெர்லின் நகரத்துக் கண் வைத்தியரான ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே என்பவர், விழித்திரையின் மையத் தமனி திடீரென்று அடைபட்ட ஒரு நோயாளியை வர்ணித்தார். அந்த நோயாளிக்கு இருதயத்தின் உட்சவ்வில் அழற்சி இருந்தது, துணுக்குகள் உடம்பின் வேறு உறுப்புகளுக்கும் பரவியிருந்தன. இந்த வியாதி மருத்துவ நூலில் ஏறிய முதல் நாளிலேயே இருதயத்தோடு கை கோத்துக்கொண்டுதான் ஏறியது. இடையில் கண் வைத்தியமும் இருதய வைத்தியமும் தனித்தனிக் கட்டிடங்களுக்குப் பிரிந்துபோனதால்தான் நமக்கு அது விந்தையாகப் படுகிறது.

துணுக்கு நகர்வதைக் கண்ணாலேயே கண்டவரும் உண்டு. மில்லர் ஃபிஷர் என்ற நரம்பியல் நிபுணர், ஒரு கண்ணின் பார்வை சில நிமிஷங்கள் மறைந்து மீளும் நோய் கொண்ட ஒருவரை, அந்தத் தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போதே விழியின் உட்புறத்தை நோக்கி, வெண்மையான பொருளொன்று தமனிக் கிளைகளில் மெல்ல ஊர்ந்து கடந்துபோவதை 1959-இல் எழுதிவைத்தார். இரண்டு ஆண்டு கழித்து, மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஹாலன்ஹார்ஸ்ட் என்பவர் தமனிகளின் கிளைப் பிரிவுகளில் மஞ்சள் நிறத்தில் பளபளக்கும் சில்லுகளை விவரித்து, அவை கழுத்துத் தமனியின் கொழுப்புப் படிவிலிருந்து உதிர்ந்தவை என்று காட்டினார். இன்றைக்கும் விழித்திரை நிபுணர் துணுக்கின் நிறத்தைப் பார்த்து அதன் ஊரை ஊகிக்க முயலுகிறார்: மின்னும் மஞ்சளாயின் கொலஸ்டிரால், பெரும்பாலும் கழுத்திலிருந்தோ மகா தமனியிலிருந்தோ வந்தது, மங்கிய வெண்மையாய், நரம்புத் தலைக்கு அருகில் பெரிதாக அடைத்துக்கொண்டிருந்தால் சுண்ணாம்புச் சத்து, இருதய வால்வுகளின்மீது சந்தேகம், சாம்பல் நிறத்தில் நீளமாக இருந்தால் ரத்தத் தட்டணுக்களின் கட்டி. ஆனால் மையத் தமனியே அடைபடும்போது துணுக்கு நரம்புக்குள் மறைந்திருப்பதால் பெரும்பாலும் கண்ணுக்குப் படுவதில்லை. வெளுத்துப்போன விழித்திரையும், அதன் நடுவே மெல்லிய இடத்தில் பின்னாலுள்ள ரத்தப் படலம் தெரிவதனால் ஏற்படும் செந்நிறப் புள்ளியும் மட்டுமே எஞ்சும். துணுக்கைக் காணோம் என்பதால் துணுக்கு வரவில்லை என்று சொல்லிவிட முடியாது.

பார்வை திரும்புமா என்ற கேள்விக்கு வருத்தமான விடைதான் உண்டு. பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் உழைத்த சோஹன் சிங் ஹேரே, குரங்குகளின் விழித்திரைத் தமனியை அளந்த நேரத்துக்கு அடைத்துவைத்துப் பார்த்து, ஏறத்தாழ 97 நிமிஷம் வரையில் விழித்திரை சேதமின்றி மீள்கிறது என்றும், 240 நிமிஷத்தைத் தாண்டினால் அநேகமாக முழுவதும் அழிந்துவிடுகிறது என்றும் கண்டார். தூக்கத்தில் வந்த அடைப்பைக் காலையில் கண்டு, பஸ் பிடித்து வந்துசேரும்போது இந்தக் கெடு கடந்துபோயிருக்கும். கெடுவுக்குள் வந்தவர்களுக்குக்கூட நிச்சயமான சிகிச்சை என்று ஒன்றை இன்னும் நிறுவ முடியவில்லை. தமனிக்குள்ளேயே குழாய் செலுத்திக் கட்டியைக் கரைக்கும் முறையை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், அந்த முறை சாதாரணச் சிகிச்சையைவிட மேலானதாக இல்லை. ஆனபோதிலும் ஒரு கண் திடீரென்று இருண்டவர் மறுநாள் பார்க்கலாம் என்று இராமல், மூளைப் பக்கவாதத்துக்கு ஓடுவதுபோல உடனே ஓடவேண்டும். 2021-இல் அமெரிக்க இருதயச் சங்கம் இந்த வியாதியைப் பக்கவாதத்தின் ஒரு வகையாகவே கருதி வழிகாட்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. இந்த நோயாளிகளின் மூளையை அந்தச் சில நாட்களுக்குள் எம்.ஆர்.ஐ.யில் படம்பிடித்தால், ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, அவர் அறியாமலே மூளையிலும் சிறு சிறு புதிய அடைப்புகள் தென்படுகின்றன. ஆகையால் இருதயத்தைச் சோதிப்பது இழந்த பார்வையை மீட்பதற்கன்று. மற்றக் கண்ணையும் மூளையையும் காப்பதற்கு.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். இருதயத்திலிருந்து கட்டி கிளம்புவதற்கு மிகவும் வழக்கமான காரணம், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் மேலறை நடுக்கம். இருதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்க, இடது மேலறையின் பக்கத்தில் தொங்கும் சிறு பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. வால்வு நோய் இல்லாதவர்களிடத்தில் இடது மேலறைக் கட்டிகளில் பத்துக்கு ஒன்பது இந்தப் பையிலேதான் காணப்படுகின்றன. தொல்லை என்னவென்றால், இந்த நடுக்கம் பலருக்கு எப்போதும் இருப்பதில்லை. வரும், சில நிமிஷமோ சில மணியோ இருக்கும், வந்த சுவடு தெரியாமல் போய்விடும். ஈ.ஸி.ஜி. பதிவாகும் நேரமோ பத்து விநாடி.

கொங்கு நாட்டில் கிணற்று மோட்டார் வைத்திருக்கும் குடியானவர்களுக்கு இந்தச் சங்கடத்தை விளக்கவே வேண்டியதில்லை. நள்ளிரவில் இரண்டு முறை தானாக நின்றுபோன மோட்டாரைப் பார்க்க, பீளமேட்டிலிருந்து மெக்கானிக் வந்து சுவிட்சைப் போட்டால் அது கச்சிதமாக ஓடும். “நல்லாத்தானுங்களே ஓடுது” என்று அவர் சொல்வது பொய்யன்று. அவர் நின்ற கால் மணி நேரத்தில் அது நன்றாகத்தான் ஓடிற்று. கோளாறு உண்டா இல்லையா என்று தீர்மானிக்க, மீட்டரொன்றை மாட்டிவிட்டு, மின்சாரம் வந்துபோகும் இரவுகளெல்லாம் அது எழுதட்டும் என்று விட்டுவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. “காரணம் தெரியவில்லை” என்று வைத்தியர் எழுதுவதும் இருதயத்தைப்பற்றிய தீர்ப்பு அன்று. இருதயத்தை எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பதைப்பற்றிய குறிப்பு.

இருதயத்துக்கு அப்படி மீட்டர் மாட்டும் எண்ணம் நார்மன் ஹோல்ட்டர் என்ற அமெரிக்கருக்குத் தோன்றியது. 1940-களின் இறுதியில் அவர் செய்த முதற் கருவி ஏறத்தாழ 38 கிலோ எடை, முதுகில் மூட்டையாகச் சுமக்கவேண்டும். இன்று அவர் பெயரால் வழங்கும் ஹோல்ட்டர் கருவி கையளவே இருக்கிறது. 24 மணி நேரமோ இரண்டு நாளோ பதிந்துகொள்ளும். அதையும் தாண்டி, மார்பில் ஒட்டி இரண்டு வாரம் விட்டுவைக்கும் பட்டைகளும், தீக்குச்சியைவிடச் சற்றுத் தடித்ததாய், இடது மார்பின் தோலுக்கடியில் பொருத்தி மூன்று ஆண்டுவரை உழைக்கும் பதிவுக் கருவிகளும் வந்துவிட்டன. நீண்ட நாள் பார்ப்பதால் பயன் உண்டா என்பதை இரு ஆய்வுகள் 2014-இல் ஒரே சமயத்தில் சொல்லின. காரணம் தெரியாத பக்கவாதமோ அதன் முன்னெச்சரிக்கைத் தாக்குதலோ வந்த, 55 வயதைக் கடந்தவர்களை ஆராய்ந்த எம்ப்ரேஸ் ஆய்வில், மற்றுமொரு 24 மணி நேர ஹோல்ட்டர் 100-க்கு 3 பேரிடம் மேலறை நடுக்கத்தைக் கண்டது. 30 நாள் பட்டை 16 பேரிடம் கண்டது. 441 பேரைக் கொண்ட கிரிஸ்டல்-ஏ.எஃப். ஆய்வில், தோலடிக் கருவி முதல் ஆண்டின் முடிவில் 100-க்கு 12 பேரிடமும், மூன்றாவது ஆண்டின் முடிவில் 30 பேரிடமும் நடுக்கத்தைக் கண்டது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களிடம் மூன்று ஆண்டில் 3 பேர்தான் அகப்பட்டனர். முதல் ஆண்டில் கண்டவர்களுக்கு அது பதிவாகச் சராசரியாக 84 நாள் ஆயிற்று. பெரும்பாலோருக்கு நெஞ்சில் படபடப்புக்கூடத் தோன்றவில்லை. இவை மூளைப் பக்கவாத ஆய்வுகள். கண்ணுக்கென்று தனியாக இத்தனை பெரிய ஆய்வு கிடையாது. ஆனால் துணுக்கு வரும் வழி ஒன்றாயிருப்பதால் இந்தக் கணக்கை இங்கும் கொண்டுவருவது தகும்.

இவ்வளவு தொந்தரவு எதற்கு, காரணம் தெரியாதவர்கள் எல்லோருக்கும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டால் போகிறது என்று ஒருவர் கேட்கலாம். நிபுணர்களும் அப்படித்தான் எண்ணிச் சோதித்தார்கள். துணுக்கால் வந்தது போலத் தோன்றியும் மூலம் தெரியாத பக்கவாதம் கொண்ட 7,213 பேரை வைத்து 2018-இல் வெளியான நேவிகேட் ஆய்வில், ரிவராக்ஸபான் மருந்து மறுதாக்குதலை ஆஸ்பிரினைவிடக் குறைக்கவில்லை. கடுமையான ரத்தக் கசிவை மட்டும் அதிகமாக்கியது. அடுத்த ஆண்டில் டாபிகட்ரானும், 2024-இல் மேலறை நலிந்திருப்பதாகச் சில அடையாளங்களால் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கொடுத்த அபிக்ஸபானும், மறுதாக்குதலைத் தடுப்பதில் ஆஸ்பிரினை வெல்லவில்லை. நடுக்கம் நிரூபணமானவர்களுக்கு அமிர்தமாக இருக்கிற இம்மருந்துகள், நிரூபணம் இல்லாதவர்களுக்கு ஆஸ்பிரினைவிட மேலான பலனைத் தரவில்லை. மேற்கொண்டு பரிசோதனை வேண்டும் என்று கேட்பதற்கு இதைவிட வலுவான நியாயம் எனக்குத் தெரியவில்லை; பதிவின் முடிவைப் பொறுத்து நோயாளி சாப்பிடும் மாத்திரையே மாறிவிடுகிறது.

நெடுநாள் பார்ப்பதிலும் ஒரு வலை உண்டு. வயது முதிர்ந்த எவரையும் ஆண்டுக்கணக்கில் பதிந்துகொண்டே இருந்தால் நடுக்கம் எங்காவது தட்டுப்படத்தான் செய்யும். டென்மார்க்கில் 70 வயதைக் கடந்த 6,004 பேரை வைத்து நடந்து 2021-இல் வெளியான லூப் ஆய்வில், தோலடிக் கருவி பொருத்தியவர்களில் 100-க்கு 32 பேரிடம் நடுக்கம் தென்பட்டது. அவர்களுக்கு மருந்தும் கொடுத்தார்கள். பக்கவாதமோ ஐயமறக் குறையவில்லை. கண் இருண்டு இரண்டு ஆண்டு கழிந்தபின் மூன்று நிமிஷம் பதிவான நடுக்கம் பழைய குற்றவாளிதானா, வழியில் போன வேறொருவனா என்பது எந்தக் கருவியும் சொல்லாத விஷயம். அடைப்புக்குப் பின் சில வாரங்களுக்குள் மணிக்கணக்கில் நீடித்த நடுக்கம் பதிவாகுமானால் தயக்கம் வேண்டியதில்லை. மற்றபடி வைத்தியரின் அநுபவம்தான் துணை. கைக்கடிகாரங்களைப்பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம்: அவை எச்சரித்தால் ஈ.ஸி.ஜி. எடுத்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். அவை மௌனமாக இருப்பதால் இருதயம் நிரபராதி ஆகிவிடாது.

தாளம் ஒருபுறமிருக்க, இருதயத்தின் அமைப்பு மறுபுறம். மார்பின்மேல் கருவியை வைத்து எடுக்கும் சாதாரண எக்கோ வால்வுகளையும் தசையின் பலத்தையும் நன்றாகக் காட்டும். மேலறைப் பையைக் காட்டாது, ஏனெனில் அது பின்புறம் ஒதுங்கியிருக்கிறது, முன்னால் விலா எலும்பும் நுரையீரலும் மறிக்கின்றன. உணவுக்குழாய் இடது மேலறையை ஒட்டியே இறங்குவதால், சிறு குழாயொன்றை விழுங்கச்செய்து அங்கிருந்து நோக்கினால் பையும், வால்வின்மேல் படர்ந்த சிறு வளர்ச்சிகளும், மகா தமனியின் படிவுகளும் தெளிவாகும். அறுபது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இன்னொன்று: குலுக்கிய உப்புநீரைக் கைச்சிரையில் செலுத்தி, அதன் நுண்குமிழிகள் மூன்று துடிப்புக்குள் இருதயத்தின் இடப்புறம் தோன்றுகின்றனவா என்று பார்ப்பது. தோன்றினால், பிறக்கும் முன் திறந்திருந்து பிறந்தபின் மூடவேண்டிய துவாரம் மூடவில்லை என்று பொருள். ஆயினும் நான்கில் ஒரு மனிதருக்கு இந்தத் துவாரம் இருப்பதால், அதைக் கண்ட மாத்திரத்தில் காரணத்தைக் கண்டுவிட்டோம் என்று மகிழக் கூடாது.

நம் நாட்டுக்கே உரிய சில விஷயங்களை மேல்நாட்டுப் பட்டியல்கள் அடியில் எழுதுகின்றன. நாம் மேலே எழுதவேண்டும். சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்து வால்வைச் சுருக்கிவிடும் ரூமாட்டிக் இருதய நோய் இங்கே இன்னும் மறையவில்லை. இளம் பெண்ணொருத்திக்குக் கண் தமனி அடைபட்டால் மைட்ரல் வால்வை முதலில் பார்க்கவேண்டும். மருந்திலும் வித்தியாசம் உண்டு: ரூமாட்டிக் வால்வு நோயோடு மேலறை நடுக்கமும் உள்ளவர்களிடம் நடந்து 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், புதிய ரிவராக்ஸபானைவிட வார்ஃபரின் வகைப் பழைய மருந்துகளே மேலாக இருந்தன. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் வடிவ ரத்தச் சிவப்பணுக்கள் உண்டென்று லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952-இல் அறிவித்தார்கள். மலையடிவாரத்திலிருந்து வரும் இளைஞருக்கு இருதயத்துக்கு முன் ரத்தத்தைச் சோதிப்பதே முறை. ஐம்பதைக் கடந்தவருக்குத் தலைவலியும், மெல்லும்போது தாடைவலியும் கூடியிருந்தால், ஈ.எஸ்.ஆர்., ஸி.ஆர்.பி. என்ற இரண்டு எளிய ரத்தப் பரிசோதனைகளை அன்றைக்கே செய்யவேண்டும். இந்த அடையாளங்கள் காட்டும் தமனி அழற்சி இந்தியரிடம் அபூர்வந்தான், ஆனால் தப்பவிட்டால் மறு கண்ணும் போய்விடும்.

ஆக, கேட்கவேண்டியது “எல்லா டெஸ்டும் எடுத்துருங்க” என்றன்று, “இதில் இன்ன முடிவு வந்தால் சிகிச்சை மாறுமுங்களா?” என்று. 85 வயதாகி, குடலில் ரத்தக் கசிவு கண்டு, எந்த நிலையிலும் ரத்தம் உறையாமை மருந்து கொடுக்க இயலாதவருக்குத் தோலடிக் கருவியைப் பொருத்துவதில் அர்த்தம் இல்லை. 50 வயதில், கொதிப்பும் சர்க்கரையும் புகைப் பழக்கமும் இல்லாதவருக்கு மையத் தமனி அடைபட்டு, ஒரே ஒரு ஈ.ஸி.ஜி.யோடு விசாரணை முடிந்திருந்தால், அவர் விடாமல் கேட்பதே சரி. சர்க்கரையும் கொதிப்பும் ஏறி, அதே பக்கத்துக் கழுத்துத் தமனி பாதிக்குமேல் சுருங்கியிருப்பவருக்குக் காரணம் ஏற்கெனவே கண்முன் நிற்பதால், முதலில் அதற்குப் பரிகாரம் செய்துகொள்ளட்டும். பதிவு நடக்கும் மாதங்களில் ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் நிறுத்திவிடாமலிருப்பதும், பீடி சிகரெட்டைத் தொடாமலிருப்பதும் சொல்லாமலே விளங்கும்.

இருதய நிபுணரிடம் போகிறவர் கையில் இரண்டு தாள்கள் இருக்கட்டும். ஒன்று, கண் ஆஸ்பத்திரியில் எடுத்த விழித்திரைப் படம். “பார்வை குறைவு” என்ற மூன்றாம் மனிதர் எழுத்தைவிட, கிளைத் தமனியில் பளபளக்கும் மஞ்சள் துகளோ வெளுத்த விழித்திரையோ அவருக்கு ஆயிரம் செய்தி சொல்லும். மற்றது, எத்தனை மணி நேரம் தாளத்தைப் பதிந்தார்கள் என்று தெரியும் ஹோல்ட்டர் அறிக்கை. சுருக்கமாக “நார்மல்” என்று முடிக்கும் கடைசி வரி போதாது, பதிவின் மொத்த நேரமும் அதில் முந்திக்கொண்டு வந்த மேலறைத் துடிப்புகளின் எண்ணிக்கையும் அச்சிட்ட பக்கத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இப்படி முந்தி வரும் துடிப்புகள் மிகுதியாக இருப்பவர்களிடம் பின்னால் நடுக்கம் தென்படும் வாய்ப்பு அதிகமாகையால், 30 நாள் பட்டையா தோலடிக் கருவியா என்பதை அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டுதான் அவர் தீர்மானிப்பார்.